ஒரு பக்கத்தைக் காட்ட இத்தனை எடையா?

பாடக் குறிப்பைத் திறந்து காட்டும் செயலிக்குள் என்னதான் இருக்கிறது? அதில் வீண் சுமை எது, தேவையான சுமை எது?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சிறிய கணக்கோடு தொடங்குவோம்.

திருக்குறளில் 1330 குறள்கள். ஒவ்வொன்றிலும் ஏழு சீர்கள். ஒரு சீரைத் தட்டச்சு செய்ய, பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்துச் சராசரியாக ஏழு குறியீடுகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். யூனிகோட் குறியீடுகளைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில், ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் இடம் பிடிக்கும். ஆக, 1330 × 7 × 7 × 3 என்று பெருக்கினால் 195,510 பைட் வருகிறது. அதாவது, திருக்குறள் முழுவதும் 200 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இனி உங்கள் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, பாடக் குறிப்புகளைப் படிக்க நீங்கள் பயன்படுத்தும் பிடிஎஃப் செயலி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அது 200 மெகாபைட் என்று காட்டினால், அதே இடத்தில் ஆயிரம் திருக்குறள் பிரதிகளை வைத்திருக்கலாம். செயலியின் வேலை என்னவோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவதுதான். பிறகு ஏன் இத்தனை எடை?

‘எல்லாம் வீண் சுமை’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். தேவைக்கு மேல் ஊதிப்போன மென்பொருளை ‘மென்பொருள் வீக்கம்’ என்று கணினித் துறையினரே குறை சொல்வதுண்டு. ஆனால், அந்த எடையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு வகைச் சரக்கு இருப்பது தெரியும். ஒன்று, பெரும்பாலோர் தொட்டுக்கூடப் பார்க்காத வசதிகள். மற்றொன்று, பக்கம் ஒழுங்காகத் தெரிவதற்குத் தேவையான எழுத்துருக்கள். இரண்டையும் ஒரே கத்தரியால் வெட்டினால், முதலில் காணாமல் போவது நம் தமிழாகக்கூட இருக்கலாம்.

கோப்புக்குள் இருப்பது கட்டளைகள்

பிடிஎஃப் பக்கம் ஒரு புகைப்படம் போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். வருடியில் வைத்து எடுத்த பக்கங்கள் அப்படித்தான். ஆனால், கணினியில் தட்டச்சு செய்து உருவாக்கிய கோப்புக்குள் இருப்பது ஒரு கட்டளைப் பட்டியல். ‘இந்த எழுத்துருவை எடு. அளவு 12 புள்ளி. இடது ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம் தள்ளிப் போ. எழுத்துருவின் 36ஆவது வடிவத்தை வரை. அடுத்து 41ஆவது வடிவத்தை வரை.’ இப்படித்தான் பக்கம் முழுவதும் எழுதப்பட்டிருக்கும்.

எழுத்துரு என்பது அந்த வடிவங்களின் தொகுப்பு. ஒவ்வோர் எழுத்தின் வெளிக்கோடும் அதற்குள் நேர்கோடுகளாகவும் வளைகோடுகளாகவும் கணித வடிவில் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரங்கள் மழுங்காமல் இருப்பது இதனால்தான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கோப்பு கேட்கும் எழுத்துரு உங்கள் கருவியில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 36ஆவது வடிவத்தை எங்கிருந்து எடுத்து வரைவது?

பதினான்கு எழுத்துருக்களின் ஒப்பந்தம்

ஜான் வார்னாக், சார்ல்ஸ் கெஷ்கி ஆகிய இருவரும் 1982இல் அமெரிக்காவில் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எந்தக் கணினியில் உருவான ஆவணமும் வேறு எந்தக் கணினியிலும் அப்படியே தெரிய வேண்டும், அப்படியே அச்சாக வேண்டும் என்ற திட்டத்தை வார்னாக் 1991இல் எழுதினார். அதற்குக் ‘கேம்லாட்’ என்று பெயர். அதிலிருந்து பிறந்ததுதான் பிடிஎஃப். 1993இல் அது வெளிவந்தது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கோப்புகளைக் கையில் எடுத்துச் செல்ல உதவிய நெகிழ்வட்டின் கொள்ளளவு வெறும் 1.44 மெகாபைட். தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய இணையமோ மிக மெதுவானது. இந்த நிலையில், ஒவ்வோர் ஆவணத்துக்குள்ளும் அதற்குத் தேவையான எழுத்துருக்களை எல்லாம் திணித்தால் கோப்பு தாங்குமா?

இதற்கு அடோபி கண்ட வழி எளிமையானது. 14 எழுத்துருக்களைப் பட்டியலிட்டார்கள். ஹெல்வெட்டிகா, டைம்ஸ், கூரியர் ஆகிய மூன்றும் சாதாரணம், தடிமன், சாய்வு, தடிமனும் சாய்வும் சேர்ந்தது என நான்கு நான்கு வடிவங்களில் இருந்தன. அது 12. கணிதக் குறிகளும் கிரேக்க எழுத்துகளும் கொண்ட சிம்பல், அலங்காரக் குறிகள் கொண்ட ஸாஃப் டிங்பேட்ஸ் ஆகியவற்றையும் சேர்த்தால் 14. பிடிஎஃப் காட்டும் எந்தச் செயலியிடமும் இந்த 14 எழுத்துருக்களோ, அதே அளவுள்ள மாற்று எழுத்துருக்களோ இருக்க வேண்டும். அப்படி இருந்தால், கோப்பு அவற்றின் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

திருமண விருந்துக்குப் போகும் யாரும் தட்டைக் கையோடு எடுத்துச் செல்வதில்லை. அது மண்டபத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் போகிறோம். அதைப் போலவே, நூறு கோப்புகள் நூறு முறை சுமக்க வேண்டியதைச் செயலி ஒரே ஒரு முறை சுமந்துகொண்டது. செயலிக்குள் எழுத்துருக்களைக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் தொடங்கியது. அதாவது, இந்தச் சுமை இடத்தை மிச்சப்படுத்தவே பிறந்தது!

மாற்று எழுத்துருவிலும் எழுத்துகளின் அகலம் அசலைப் போலவே இருக்க வேண்டும். ஏன் தெரியுமா? ஒரு வரியில் 60 எழுத்துகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் இருபதில் ஒரு பங்கு அகலம் கூடினால், வரியின் முடிவில் மூன்று எழுத்துகள் ஓரத்தைத் தாண்டி வெளியே நிற்கும், அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

அசல் எழுத்துருக்கள் உரிமம் உள்ளவை. இலவச மென்பொருளை எழுதுவோர் அவற்றை அப்படியே எடுத்துச் சேர்க்க முடியாது. ஜெர்மனியின் யூஆர்டபிள்யூ நிறுவனம் 1996இல் அதே அகலங்கள் கொண்ட 35 எழுத்துருக்களைச் சுதந்திர உரிமத்தில் வெளியிட்டது. ஹெல்வெட்டிகாவுக்கு ‘நிம்பஸ் சான்ஸ்’, டைம்ஸுக்கு ‘நிம்பஸ் ரோமன்’ என்று அவற்றுக்குப் பெயர். குரோம் உலாவிக்குள் இருக்கும் பிடிஎஃப் காட்டியும் தனக்கென 14 மாற்று எழுத்துருக்களைச் சுமக்கிறது. அவை எல்லாம் சேர்ந்தே ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

பட்டியலில் இல்லாத எழுத்துருவைக் கோப்பு கேட்டால்? அதற்கும் அடோபி ஒரு தந்திரம் வைத்திருந்தது. கோப்பில் எழுத்துருவின் வடிவம் இல்லாவிட்டாலும், ஒவ்வோர் எழுத்தின் அகலமும் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். அடோபியின் செயலிக்குள் இருந்த இரண்டு சிறப்பு எழுத்துருக்கள் அந்த எண்ணுக்கு ஏற்ப விரிந்தும் சுருங்கியும் கொடுக்கும். முக அழகு மாறலாம். ஆனால், வரிகள் தங்கள் இடத்திலேயே நிற்கும்.

கையோடு கொண்டு வரும் கட்டுச்சோறு

இப்போது பெரும்பாலான கோப்புகள் தங்களுக்கு வேண்டிய எழுத்துருவைத் தாங்களே சுமந்து வருகின்றன. அதிலும் ஒரு சிக்கனம் உண்டு. முழு எழுத்துருவையும் தூக்கி வருவதில்லை. ஆவணத்தில் பயன்பட்ட எழுத்துகளின் வடிவங்களை மட்டும் நறுக்கி எடுத்து உள்ளே வைக்கின்றன. உங்கள் கட்டுரையில் ‘ஔ’ வரவே இல்லையென்றால், அதன் வடிவம் கோப்பில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களுக்காக 2005இல் உருவான பிடிஎஃப்/ஏ என்ற அனைத்துலகத் தரம், எல்லா எழுத்துருக்களும் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விதித்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆவணத்தைத் திறப்பவரிடம் என்ன கருவி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது அல்லவா? 2017இல் வந்த பிடிஎஃப் 2.0, பழைய 14 எழுத்துருக்களுக்கு இருந்த சலுகையையும் எடுத்துவிட்டது.

அப்படியானால் செயலிக்குள் இனி எழுத்துருக்கள் எதற்கு? இரண்டு காரணங்கள். முதலாவது, புதிய விதி வந்ததால் பழைய கோப்புகள் திருந்திவிடுவதில்லை. 1990களில் உருவான ஆய்வுக் கட்டுரைகளும் அரசாங்கப் படிவங்களும் இன்றும் நூலகங்களிலும் அலுவலகங்களிலும் இருக்கின்றன. அவற்றையும் திறந்து காட்ட வேண்டும். இரண்டாவது, இன்றைய பல செயலிகள் இபப் வகை மின்னூல்களையும் காட்டுகின்றன. அவற்றில் பல எழுத்துரு இல்லாமலேயே வருகின்றன. காட்டும் செயலிதான் எழுத்துக்கு உருவம் கொடுக்க வேண்டும்.

திரையில் தெரியும் தௌஹு

எழுத்துரு கிடைக்காதபோது திரையில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் கணினி உலகில் ‘டோஃபு’ என்று பெயர். நம் சந்தையில் தௌஹு என்று வாங்குகிறோமே, அதேதான்! வெள்ளைச் சதுரத் துண்டுகளாக இருப்பதால் அந்தப் பெயர். கூகல் உருவாக்கிய ‘நோட்டோ’ எழுத்துருக் குடும்பத்தின் பெயர் ‘டோஃபு வேண்டாம்’ என்ற பொருளில் வைக்கப்பட்டது. உலகின் எல்லா எழுத்து முறைகளுக்கும் எழுத்துரு தர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

வேகத்துக்கும் சிறிய உருவத்துக்கும் பெயர் பெற்ற மியூபிடிஎஃப் என்ற திறமூல மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வேறு பல செயலிகளுக்கும் அதுவே இயந்திரம். அதனுள் 14 அடிப்படை எழுத்துருக்களின் மாற்றுகளும், சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கான எழுத்துருவும், பல மொழிகளின் நோட்டோ எழுத்துருக்களும் சேர்க்கப்பட்டுள்ளன. சிறிய உருவமே வேண்டும் என்பவர்கள் இவற்றை விலக்கிவிட்டு மென்பொருளை உருவாக்கிக்கொள்ளலாம். அப்படி விலக்கும் அமைப்புக்கு அதன் ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘டோஃபு’! எடையைக் குறைக்கலாம், அதற்கு விலை சதுரப் பெட்டிகள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

தமிழுக்கு ஆகும் செலவு எவ்வளவு?

எழுத்துருக்களில் எடை அதிகம் உள்ளது எது? இதற்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் 72 இடங்களே நிரப்பப்பட்டுள்ளன. ‘கொ’ போன்ற எழுத்துக்குத் தனி இடம் கிடையாது. ‘க’ என்பதையும் ஒகரக் குறியையும் சேர்த்துச் செயலியே உருவாக்கிக்கொள்ளும். கிரந்த எழுத்துகளையும் கூட்டெழுத்துகளையும் சேர்த்தாலும் சில நூறு வடிவங்கள் போதும். ஆகவே, ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பு பொதுவாகச் சில நூறு கிலோபைட்டைத் தாண்டுவதில்லை.

சீன எழுத்துகளின் கதை வேறு. கூகலும் அடோபியும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருவில் 65,535 வடிவங்கள் உள்ளன. இந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. இவ்வகை எழுத்துருவில் வடிவங்களின் வரிசை எண் 16 பிட்டுகளில் எழுதப்படுகிறது. இரண்டின் 16ஆம் அடுக்கு 65,536. அந்த எல்லை வரை நிரப்பிவிட்டார்கள். சாதாரணத் தடிமன் கொண்ட ஒரே ஒரு கோப்பு சுமார் 16 மெகாபைட். அந்த இடத்தில் பல பத்துத் தமிழ் எழுத்துருக்களை வைக்கலாம்.

‘அப்படியானால் சீன எழுத்துருவை எடுத்துவிடலாமே’ என்று தோன்றுகிறதா? உங்கள் வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருக்கும் சீன நண்பருக்கும் அவர் மொழியில் படிக்க வேண்டும் அல்லவா? ‘எனக்குத் தேவையில்லை’ என்பதும் ‘யாருக்கும் தேவையில்லை’ என்பதும் ஒன்றாகாது. ஆங்கிலம் மட்டும் படிக்கும் ஒருவர் தம் செயலியைப் பார்த்து, ‘இதில் தமிழ் எழுத்துரு எதற்கு?’ என்று கேட்டால் நாம் என்ன சொல்வோமோ, அதே பதில்தான் இதற்கும்.

எழுத்துரு உடன் வராத காலத்தைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். யூனிகோட் பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களே புழக்கத்தில் இருந்தன. அனுப்பியவரிடம் உள்ள அதே எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால், தமிழ்க் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற முயற்சிகள், தமிழை எழுதவும் படிக்கவும் வழி திறந்தன. ஆப்பிள் கணினிகளில் தமிழ் இன்று தானாகவே தெரிகிறது. அவற்றுடன் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. கருவியோடு எழுத்துரு சேர்ந்தே வருவது எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நடு வழியும் உண்டு. அடோபி தன் ரீடர் செயலிக்கான ஆசிய மொழி எழுத்துருக்களைத் தனிப் பொதியாக வெளியிட்டது. தேவைப்படுபவர்கள் மட்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். செயலி இலேசாகும். ஆனால், இணையம் இல்லாத இடத்தில் கோப்பைத் திறந்தால் மீண்டும் சதுரப் பெட்டிதான். எந்த வழியிலும் ஒரு சுமை இருக்கும். அதைக் கோப்பு சுமப்பதா, செயலி சுமப்பதா, கருவி சுமப்பதா, இணையம் சுமப்பதா என்பதே கேள்வி.

உண்மையான வீக்கம் எங்கே?

அப்படியென்றால் செயலிகள் ஊதிப்போவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை. வீக்கம் உண்மையில் இருக்கிறது. பல நேரங்களில் அது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

பாஸ்கல் என்ற கணினி மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், மென்பொருள் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாகும் விகிதத்தைவிட, மென்பொருள் மெதுவாகும் விகிதம் கூடுதலாக இருக்கிறது என்ற கருத்து இன்று ‘விர்த் விதி’ என்றே அழைக்கப்படுகிறது. அவர் குறை சொன்னதோடு நிற்கவில்லை. யூர்க் குட்க்னெக்ட் என்பவருடன் சேர்ந்து ஒபரான் என்ற சிறிய இயங்குதளத்தை உருவாக்கி, அதன் முழு மூல நிரலையும் 1992இல் ஒரே புத்தகத்தில் அச்சிட்டுக் காட்டினார்.

செயலிகள் எப்படி ஊதுகின்றன? ஒரு சிறிய வசதிக்காகப் பெரிய நிரல் தொகுப்பு ஒன்று சேர்க்கப்படும். அடுத்த வசதிக்கு இன்னொன்று. சேர்ப்பது எளிது. எடுப்பதுதான் கடினம். யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்ற அச்சம் இருக்கும். 2008இல் அடோபி தன் அக்ரோபேட் 9இல் ஃபிளாஷ் இயக்கியையே சேர்த்தது. பக்கத்துக்குள் அசைபடங்களும் காணொளியும் ஓடும் என்றார்கள். 2020ஆம் ஆண்டின் முடிவில் ஃபிளாஷ் நுட்பமே கைவிடப்பட்டுவிட்டது.

இதில் இடம் வீணாவது சின்ன இழப்பு. பெரிய இழப்பு பாதுகாப்பில் இருக்கிறது. வருடிய கறுப்பு வெள்ளைப் பக்கங்களைச் சுருக்கி வைக்க ஜேபிக்2 என்றொரு முறை உண்டு. 2000ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட அதை பிடிஎஃப் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, பிடிஎஃப் காட்டும் மென்பொருள்களில் அதைப் பிரிக்கும் நிரலும் இருக்கிறது. ஐஃபோனில் இருந்த அந்த நிரலின் பிழை ஒன்று 2021இல் உளவு பார்க்கப் பயன்படுத்தப்பட்டதைக் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வகம் கண்டுபிடித்தது. ஜிஃப் படம் போல வேடமிட்ட பிடிஎஃப் கோப்பு, குறுஞ்செய்தி வழியே வரும். உரிமையாளர் எதையும் தொட வேண்டியதில்லை. பெகாசஸ் உளவு மென்பொருள் உள்ளே புகுந்துவிடும். ஆப்பிள் அந்த ஆண்டு செப்டம்பரில் பிழையைத் திருத்தியது. கைப்பேசி வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் ஜேபிக்2 என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? வீட்டில் யாரும் பயன்படுத்தாத பின்கதவு திருடனுக்கு வசதியாகிவிட்டது.

வெட்டும் முன் மூன்று கேள்விகள்

உங்களில் சிலர் நாளை செயலி எழுதுவீர்கள். சிலர் இப்போதே பள்ளிக் கணினி மன்றத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒரு பகுதியை வைப்பதா, எடுப்பதா என்று முடிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன தெரியாமல் போகும்? இரண்டாவது, இதை எல்லாரும் எப்போதும் சுமக்க வேண்டுமா, வேண்டியவர் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாமா? மூன்றாவது, இதில் பிழை இருந்தால் என்ன ஆபத்து?

சில நூறு கிலோபைட் தமிழ் எழுத்துரு முதல் கேள்வியிலேயே தேறிவிடும். அது இல்லாவிட்டால் ஒரு மொழியே திரையில் தெரியாது. யாரும் கேட்காத அசைபட வசதி மூன்று கேள்விகளிலும் தோற்றுவிடும். எடை மட்டும் தெரிந்தால் போதாது. அந்த எடை யாருக்காக என்பதும் தெரிய வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. கைப்பேசியின் அமைப்புகளில் ஒரு செயலியின் சேமிப்பிட விவரத்தைத் திறங்கள். செயலி, தரவு, தற்காலிகச் சேமிப்பு என எடை பிரித்துக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். வீக்கம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு, நாமே பார்த்துச் சேர்ந்த கோப்புகள்?

2. கணினியில் அடோபி ரீடரில் ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் ‘டி’ விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் எழுத்துருப் பகுதிக்குச் செல்லுங்கள். எந்தெந்த எழுத்துரு கோப்புக்குள்ளேயே உள்ளது, எது நறுக்கி வைக்கப்பட்டுள்ளது என்று அது சொல்லும். பட்டியலில் உள்ள எழுத்துரு கோப்புக்குள் இல்லையென்றால், உங்கள் செயலி தன் பையிலிருந்தோ கருவியில் உள்ளவற்றிலிருந்தோ ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறது என்று பொருள்.

3. ஒரே பத்தியை ஒரே எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். பிறகு அதே பத்தியின் ஐந்து வரிகளுக்கு ஐந்து வெவ்வேறு எழுத்துருக்களைக் கொடுத்து மீண்டும் பிடிஎஃப் ஆக்குங்கள். இரண்டு கோப்புகளின் அளவையும் ஒப்பிடுங்கள். சொற்கள் மாறவில்லை. ஆனால், எடை மாறியிருக்கும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதை இப்போது உங்கள் நண்பருக்கு நீங்களே விளக்கலாம்.